கறுப்பு நூலில் தைத்த அறுபது ஜாக்கெட்டுகள்

தம்பி,

அந்தமான் போவதற்காக நீ ஆன்லைனில் வாங்கி வைத்த இரண்டு நீல லைஃப் ஜாக்கெட்டில் ஒன்று பக்கவாட்டில் பிரிந்து கிடந்ததே, அதை எலி கடிக்கவில்லை. அப்பா எலி என்று சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. பிரித்தது நான்தான். சனிக்கிழமை மத்தியானம் நீ புதுக்கோட்டைக்குப் போயிருந்த நேரத்தில், கத்தரி நுனியால் ஏழெட்டுத் தையலை அறுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மிதப்பதற்கு வைக்கிற நல்ல சரக்குதான் இருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி டம்ளர் தண்ணீரில் அமுக்கி வைத்தேன். மறுநாள் எடுத்துப் பிழிந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நல்ல சாமானைக் கெடுத்துவிட்டேன். திரும்பத் தைப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் பிரித்துத் தைத்த லைஃப் ஜாக்கெட்டை நான் நம்ப மாட்டேன். தைத்தது நான் என்றால் இன்னும் நம்ப மாட்டேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணமாகி இருபது நாள் ஆன பிள்ளையின் பெட்டியைத் திறந்து பார்க்கிற அம்மா என்று நினைப்பாய். உன் பெட்டியில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினாலு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதை நேரில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் என்று இல்லாமல் நாலு பேர் படிக்கிற மாதிரி போடச் சொல்கிறாள் என் மருமகள் நிவேதா. சரி என்றுவிட்டேன். காரணம் போகப் போக உனக்கே புரியும்.

நீ எட்டாவது படித்த வருஷம். நம் ஆலங்குடி வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திருச்சியிலிருந்து குணசேகர் என்று ஒருவர் வேனில் வந்து இறங்கினார். முன்பின் பார்த்ததில்லை. "அக்கா, அறுபது ஜாக்கெட் தைக்கணும். ரெண்டு வாரத்துல முடியுமா?" என்றார். எனக்கு ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வேனிலிருந்து ஆரஞ்சுத் துணியை இறக்கினார். பிறகு பெல்ட்டுக்கான நாடா, பைக்குப் போடுகிற அதே பிளாஸ்டிக் கிளிப், கடைசியில் மஞ்சள் ஸ்பாஞ்ச் பாளம். படகில் ஏறுகிறவர்கள் போட்டுக்கொள்கிற ஜாக்கெட் என்று அப்புறம்தான் விளங்கியது. ஏதோ ஒரு மலையடிவாரத்து ஏரியில் போட்டிங் நடத்துகிறார்களாம், அவர்களுக்கு இவர் சப்ளை செய்கிறாராம்.

சந்தேகம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த ஸ்பாஞ்சைப் பார்த்ததும் தெரிந்தது, சோபாவுக்கு வைக்கிற சாமான் அது. நம் வீட்டு நாற்காலி மெத்தைக்கு நானே வைத்துத் தைத்திருக்கிறேன். "இது தண்ணியில மிதக்குமா தம்பி?" என்று கேட்டேன். "ஸ்பாஞ்சு மிதக்காம என்னக்கா செய்யும்?" என்றார். அதோடு ஒரு கட்டு லேபிள் கொடுத்தார். வெள்ளைத் துணியில் இங்கிலீஷில் அச்சடித்தது. இத்தனை கிலோ ஆளைத் தாங்கும், சோதித்துப் பார்த்தது என்று அதில் இருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும். "இது யாரு சோதிச்சது?" என்றேன். "அது பிரிண்டு பண்ணதுக்கா. இடது பக்கம் உள்ள வச்சு அடிச்சிருங்க," என்றார். நான் அடித்தேன். அறுபதிலும் அடித்தேன். அவர் நூல் கொண்டு வரவில்லை. ஆரஞ்சு நூல் என்னிடம் கிடையாது, ஸ்கூல் பைக்கு வாங்கி வைத்திருந்த கறுப்பு நூலில்தான் எல்லாவற்றையும் முடித்தேன். தோள்பட்டையில் நாடா சேருகிற இடத்தில், பைக்குப் போடுகிற மாதிரியே, சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போட்டேன். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தப் பெருமை வேறு எனக்கு.

சாமான் போன பிறகு அளவுக்காக முதலில் தைத்துப் பார்த்த ஒன்று மட்டும் வீட்டில் கிடந்தது. தூசி படிந்திருக்கிறதே என்று ஒரு நாள் துணியோடு சேர்த்துத் தொட்டித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மற்ற துணிகளைத் துவைத்து அலசிப் பிழிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அதைக் காணோம். தொட்டியின் அடியில் கிடந்தது. ஒரு கையால் தூக்கினேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துக் கரையில் போட்டபோது நாலு பக்கமும் தண்ணீர் கொட்டியது. தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், ஸ்பாஞ்ச் மொத்தத்தையும் குடித்து வைத்திருந்தது. அதே ஈரக்கையோடு குணசேகருக்குப் போன் போட்டேன். "அக்கா, அதெல்லாம் போட்டோ எடுக்கத்தான் போடுறாங்க. யாரு தண்ணியில விழப் போறா?" என்றார். அதற்கப்புறம் என் போனை அவர் எடுக்கவே இல்லை. நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் விட்டுவிட்டேன், தம்பி. பிடிபட்டால் நாம்தான் மாட்டுவோம் என்ற பயம். யாரோ எங்கேயோ போடப் போகிறார்கள், நமக்கென்ன என்ற நினைப்பு. இரண்டும்தான்.

அந்த வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்தில் டூர் போனீர்கள். திரும்பி வந்த அன்று நீ சோறு தின்னாமல் பேசிக்கொண்டே இருந்தாய். போட்டில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தேன் என்றாய். ஒரு வாரம் கழித்து குரூப் போட்டோ வந்தது. நீ இரண்டாவது வரிசையில் நிற்கிறாய். எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட். நான் முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தேன். ஆரஞ்சுத் துணியில் கறுப்பு நூல், சதுரத்துக்குள் பெருக்கல் குறி. என் கை. அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. உன் ஜாக்கெட்டில் மூன்று கிளிப்பும் திறந்து கிடந்தன. சட்டையைத் தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி மாட்டிக்கொண்டு, விரலை விரித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன்னோடு நின்ற பாதிப் பேரும் அப்படித்தான். தைத்தவள் செய்த தப்பு, மாட்டி விட்டவர் செய்த தப்பு, போட்டவன் செய்த தப்பு எல்லாம் ஒரே போட்டோவில் இருந்தது. உங்களில் ஒருவர் விழுந்திருந்தாலும் போதும். போட்டோ தொலைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ அதற்காக இரண்டு நாள் அழுதாய். தொலையவில்லை, என் துணிப் பெட்டியில்தான் இருக்கிறது. இனி அதை நீ வைத்துக்கொள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மனிதர்களைச் சந்தேகப்படத் தெரியாதவர். "அங்கிட்டுப் போயி நீ என்னான்னு சொல்லுவ? நீயே தச்சேன்னு சொல்லுவியா?" என்றார். "சொல்லுவேன்," என்றேன். நீ பள்ளிக்கூடம் போனதும் மாதிரி ஜாக்கெட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். புதுக்கோட்டை, திருச்சி, அங்கேயிருந்து இன்னொரு பஸ். போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார், அவர்தான் பொறுப்பாளர். நடந்ததைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கள எந்தக் கம்பெனி அனுப்புச்சு?" என்றார். "யாரும் அனுப்பலைங்க. இத தச்சது நான்தான்," என்றேன். "தச்சவங்க யாராவது வந்து என் சரக்கு சரியில்லன்னு சொல்லுவாங்களா? வருசம் பூரா ஓட்டுறோம், இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. லேபிள் இருக்குல்ல, பாருங்க," என்று எடுத்துக் காட்டினார். நான் அடித்த லேபிள். அதை எனக்கே ஆதாரமாகக் காட்டுகிறார். அந்த மனிதர் என்னைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு என்னைச் சந்தேகப்பட்டார், அவ்வளவுதான்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கயிற்றில் தொங்கிய ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் புடவைக்கு மேலே மாட்டினேன். மூன்று கிளிப்பையும் போட்டேன், நாடாவை இழுத்து இறுக்கினேன். "ஒரு ரவுண்டு எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "இருவது நிமிசம். ஏன்?" என்றார். "இருவது நிமிசம் கடியாரத்தப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் படித்துறையில் இறங்கினேன். அவர் எழுந்து கத்தினார். நான் நீந்துவேன் என்பது உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கிணற்றில் மேலேயிருந்து குதிப்பேன். கால் எட்டாத ஆழத்துக்குப் போய், கையையும் காலையும் அசைக்காமல் கிடந்தேன். முதலில் நன்றாகத்தான் தாங்கியது. தண்ணீர் நெஞ்சளவில் நின்றது. கொஞ்ச நேரத்தில் தோளுக்கு வந்தது, அப்புறம் தாடைக்கு. ஜாக்கெட் மேலே தூக்காமல் கீழே இழுப்பதை முதுகில் உணர்ந்தேன். உதட்டுக்குத் தண்ணீர் வந்ததும் நீந்த ஆரம்பித்தேன். ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு நீந்துகிற மாதிரி இருந்தது. படிக்கட்டைப் பிடித்தேன், ஏற முடியவில்லை. அந்தோணி என்ற படகோட்டி ஓடி வந்து தோள்பட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டார். "எத்தன நிமிசம் ஆச்சு?" என்று கேட்டேன். பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பதினொண்ணு," என்றார் அந்தோணி.

நீ அந்த ஏரியில் இருபது நிமிஷம் இருந்திருக்கிறாய்.

அந்தோணி கத்தியால் ஒரு ஜாக்கெட்டைக் கிழித்தார். மஞ்சள் ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் கொட்டியது. பொறுப்பாளர் அதற்கப்புறம் என்னை எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. "வெளிய சொல்லிராதீங்கம்மா," என்றார். எல்லாவற்றையும் கொண்டு வந்து போடச் சொன்னேன். நான் கொண்டு போயிருந்த கத்தரியால் ஒவ்வொன்றாக நடுவில் வெட்டினேன், இனி யாரும் தைத்து மாட்ட முடியாத மாதிரி. ஐம்பத்தேழு இருந்தது. மீதி மூன்று எங்கே என்றேன். வேறொரு ஊரில் திருவிழாத் தெப்பத்துக்குக் கேட்டார்கள், கொடுத்தோம், திரும்பி வரவில்லை என்றார். எந்த ஊர் என்று கேட்டால் ஞாபகமில்லை என்றார். அது ஞாபகமில்லாத முகம் இல்லை. அந்த மூன்றும் இன்றைக்கும் எங்கேயாவது ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம். இதைப் படிக்கிற யாராவது ஆரஞ்சுத் துணியில் கறுப்பு நூல் பெருக்கல் குறியைப் பார்த்தால், தயவுசெய்து வெட்டிப் போட்டுவிடுங்கள். நிவேதா இதை வெளியே போடச் சொன்னது அதற்குத்தான்.

புறப்படும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்தோணி போட்டிருந்த ஜாக்கெட் வேறு. சிவப்பு நிறம், கழுத்துக்குப் பின்னால் தலையணை மாதிரி ஒரு பட்டை, தோளில் ஒரு விசில். "ஒங்களுக்கு மட்டும் வேறயா அண்ணே?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முன்னாடி கடல்ல வேல பாத்தேன்மா, அங்க குடுத்தது. இங்க வந்ததப் பாத்ததுமே எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு. நம்ம சொல்லி யாரு கேக்கப் போறான்னு விட்டுட்டேன்," என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் விட்டது மூன்று மாதம், அவர் விட்டதும் மூன்று மாதம். அந்த ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து எல்லாம் காட்டினார். அமுக்கினால் உடனே எழும்ப வேண்டும், பள்ளம் விழுந்து நிற்கக் கூடாது. துணி வெளுத்து, நகத்தால் கீறினால் பிசிறு வந்தால் வேண்டாம். அளவு வயதை வைத்து இல்லை, உடம்பு எடையையும் மார்புச் சுற்றளவையும் வைத்து. நீச்சல் தெரியாதவர்களுக்குக் கழுத்துப் பட்டை வைத்ததுதான், மயங்கிக் கவிழ்ந்தாலும் பெரும்பாலும் அது முகத்தை மேலே திருப்பிவிடும். உன்னுடைய நீல ஜாக்கெட்டில் அந்தப் பட்டை இல்லை, கவனித்தாயா? எனக்குத் தெரியாமல் நீந்தக் கற்றுக்கொண்ட உனக்கு அது போதும். நிவேதாவுக்குப் போதாது. அதனால்தான் நான் பிரித்ததற்குப் பதிலாக அவளுக்குப் பட்டை வைத்ததை ஆர்டர் போடச் சொன்னேன். நேற்று வந்துவிட்டது.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பியவள் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீர் இருக்கிற எந்த இடத்துக்கும் உன்னை விடவில்லை. ஒன்பதாவதில் டூர் இல்லை, பத்தாவதில் இல்லை. காலேஜில் எல்லோரும் கேரளா போனபோது நீ கேட்டாய், "என்னய நம்பலையாம்மா? குடிப்பேன்னு நெனைக்கிறியா?" என்று. நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. உன்னை நான் சந்தேகப்பட்டதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருப்பாய். இல்லை, தம்பி. உனக்கு யாரோ மாட்டி விடப் போகிற ஜாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன். அதைத் தைத்தவளைச் சந்தேகப்பட்டேன். அவள் என்னைப் போல ஒருத்தியாக இருப்பாள் என்று எனக்குத் தெரியும். உன் சந்தோஷத்தைத் தடுப்பதற்குப் பதில் சரியாக மாட்டிக்கொள்ளக் கற்றுக் கொடுத்திருக்கலாம். அது என் இரண்டாவது தப்பு. முதலாவதை அறுபதில் ஐம்பத்தேழு அளவுக்காவது சரிசெய்தேன். இதைச் சரிசெய்ய வழியில்லை.

இப்போது கேள். அங்கே படகில் ஏறப் போனால், "சொந்த ஜாக்கெட்டெல்லாம் எதுக்கு சார், எங்ககிட்ட இருக்கு" என்பார்கள். அவர்களுடையது உன்னுடையதைவிட நல்லதாகவும் இருக்கலாம், நான் எல்லோரையும் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் அமுக்கிப் பார்க்காமல் வாங்காதே. லேபிள் இல்லாவிட்டால் தொடாதே. லேபிள் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பாதே, அதை அடிக்கிற கை எப்படிப்பட்டது என்று இப்போது உனக்குத் தெரியும். படகோட்டி என்ன போட்டிருக்கிறார் என்று பார். அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்றால் ஏன் என்று கேள். கரையில் நிற்கும்போதே மாட்டு, படகில் ஏறிய பிறகு இல்லை. நிவேதாவின் துப்பட்டாவைக் கழற்றிவிடச் சொல், தோள்பையை ஜாக்கெட்டுக்கு உள்ளே போடக் கூடாது. எல்லா கிளிப்பும், இருந்தால் ஜிப்பும். மடியில் வைத்துக்கொள்வதும் அதன் மேல் உட்காருவதும் வேண்டாம், விழுகிறவனுக்கு மாட்டிக்கொள்ள நேரம் கிடைக்காது. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் கழற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். அப்படி எடுத்த போட்டோ எனக்கு வேண்டாம்.

மாட்டிய பிறகு கையை இரண்டையும் மேலே தூக்க வேண்டும். இன்னொருவர் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் ஏறி வந்து மூக்கையோ காதையோ மறைத்தால் அது தொளதொள. தண்ணீருக்குள் அது மேலே போய்விடும், ஆள் கீழே போய்விடுவார். நேற்று சாயங்காலம் நிவேதாவுக்குப் புதியதை மாட்டி இழுத்துப் பார்த்தேன். முதல் தடவை காது வரைக்கும் ஏறிவிட்டது. பக்க நாடாவை இறுக்கினேன், இரண்டாவது தடவை தாடையோடு நின்றது. மூச்சு முட்டுகிறதா என்று கேட்டேன். "இல்லத்தை. ஆனா இறுக்கமாத்தான் இருக்கு," என்றாள். "இறுக்கமாத்தான் இருக்கணும்," என்றேன். அப்புறம் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். உன்னைவிட அவளுக்கு முதலில் சொன்னதற்கு வருத்தப்படாதே. கேட்டு முடித்துவிட்டு அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. "இத அவருக்கு எழுதிக் குடுங்கத்தை. சொன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு," என்றாள். மூன்று வருஷம் பழகியவள் உன்னை நன்றாகத்தான் புரிந்து வைத்திருக்கிறாள்.

நீ இதை வழியில் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டு "சரிம்மா, போட்டுக்கிறேன்மா" என்பாய். அந்தச் "சரிம்மா"வை நான் நம்புவதாக இல்லை. ஸ்கூட்டரில் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவன் நீ. நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் நிவேதாவுக்கு மாட்டிவிட்டு நீ சும்மா உட்கார்ந்து வருவாய். அதனால் நேற்று அவளிடமே கேட்டேன், "அவன் போட்டானா இல்லையான்னு எனக்கு யாரு சொல்லுறது?" என்று. அவள் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்களுக்கு யாரும் சொல்ல வேணாம்த்தை. ஏறுறதுக்கு முன்னாடி அவரு தோளப் புடிச்சு நான் இழுத்துப் பாப்பேன். சரியா இல்லைன்னா ரெண்டு பேரும் கரையிலயே இருந்துட்டு வாரோம்."

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பதினாலு வருஷமாக யார் எதைச் சொன்னாலும் அதற்குள் என்ன வைத்துத் தைத்திருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு. அவள் சொன்னதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

போய்விட்டு வாருங்கள்.

அம்மா